காண்டாக்ட் லென்ஸ் அணிந்தால் கண் ஓயாமல் கொட்டுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு அடிக்கடி எழும் ஒரு குறையைப் பற்றிய விளக்கம் இது. கண் ஓயாமல் கொட்டுவதைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் லென்ஸ் அணிந்தவர் அல்லர். எதிரில் அமர்ந்து பேசுபவரோ வீட்டில் இருப்பவரோ சொன்ன பிறகே அவருக்குத் தெரிகிறது. அதனாலேயே பலர் இதை ஒரு கெட்ட பழக்கமாக எண்ணி அடக்க முயல்கிறார்கள். அப்படி அடக்குவது தவறு என்பதும், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு இது முழுவதும் சரியாகிவிடும் என்பதும் கீழுள்ள பதில்களின் அடிப்படை. இவை பொதுவான விளக்கங்கள். கண்ணை நேரில் சோதித்துப் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு ஈடாகமாட்டா.

நிமிடத்துக்கு எத்தனை முறை இமைத்தால் அதை அதிகம் என்று சொல்லலாம்?

விழித்திருக்கும் ஒருவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். பேசும்போது இந்த எண்ணிக்கை கூடும். புத்தகம் வாசிக்கும்போதும் கைபேசியையோ கணினியையோ உற்றுப் பார்க்கும்போதும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகையால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர இயலாது. லென்ஸ் அணிவதற்கு முன் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா, இமைப்பது உங்களுக்கே உணர்வாகத் தெரிகிறதா, அதோடு உறுத்தல், சிவப்பு, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்து வருகிறதா என்பவையே முக்கியம். நீங்களே எண்ணினால் கணக்கு தவறிவிடும், ஏனெனில் எண்ணத் தொடங்கியதும் இமைப்பு மாறிவிடும். நீங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் எண்ணும்படி வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்; ஒரு நாள் லென்ஸோடும் மற்றொரு நாள் மூக்குக் கண்ணாடியோடும் எண்ணச் சொன்னால் வேறுபாடு புலப்படும்.

லென்ஸுக்கும் இமைப்புக்கும் என்ன தொடர்பு?

கருவிழியின் மேல் எந்நேரமும் ஒரு கண்ணீர்ப் படலம் பரவியிருக்கிறது. அது மிக மெல்லியது; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உடையது. அதன் மேற்பரப்பில் இமையோரச் சுரப்பிகள் தரும் எண்ணெய்ப் பசையும், அடியில் கண்ணீரும், கருவிழியோடு ஒட்டவைக்கும் வழுவழுப்பான ஒரு பொருளும் உள்ளன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. இந்தப் படலத்தைவிடப் பல மடங்கு கனமான ஒரு லென்ஸை அதன் நடுவே வைக்கும்போது படலம் இரண்டாகப் பிரிகிறது. லென்ஸின் முன்புறம் தங்கும் பகுதி மெலிந்து, வழக்கத்தைவிட விரைவில் உடைகிறது. உடைந்த இடம் காய்ந்ததும் கண் கூசுகிறது, பார்வை சற்று மங்குகிறது. அதைச் சரிசெய்ய இமை மறுபடியும் மூடித் திறக்கிறது.

இதோடு உராய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 15 முறை என்றே வைத்துக்கொண்டாலும், 12 மணி நேரம் லென்ஸ் அணியும் ஒருவருடைய மேலிமையின் உட்புறம் அந்த லென்ஸின் மேல் 10,000 முறைக்கு மேல் உரசிச் செல்கிறது. லென்ஸ் வழுவழுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் இமைக்கு இது தெரிவதே இல்லை. அதன் மேல் அழுக்குப் படிந்தோ ஓரம் கிழிந்தோ காய்ந்தோ இருந்தால் ஒவ்வொரு உரசலும் தெரியும். கருவிழி, உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள உறுப்புகளில் ஒன்று என்பதால் சிறிய இடைஞ்சலைக்கூட அது பொறுப்பதில்லை.

எனக்கு எந்தக் காரணத்தால் வருகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போது தொடங்குகிறது என்று கவனிப்பதே எல்லாவற்றிலும் பயனுள்ள வழி. லென்ஸ் மாட்டிய சில நிமிடங்களிலேயே தொடங்கினால் கோளாறு பெரும்பாலும் அந்த லென்ஸிலோ அதை மாட்டிய விரலிலோ இருக்கிறது. காலையில் ஒன்றும் தெரியாமல் பிற்பகலில் தொடங்கினால் கண் வறட்சியை முதலில் சந்தேகிக்க வேண்டும். புதிய லென்ஸைத் திறந்த வாரம் நன்றாக இருந்து, மாதக் கடைசியில் தொந்தரவு வந்தால் லென்ஸில் படியும் படிவுகள் காரணமாகலாம். பல மாதங்களோ ஆண்டுகளோ தொல்லையின்றி அணிந்தவருக்குத் திடீரென வந்தால் மேலிமையின் உட்புறத்தைப் பார்த்தாக வேண்டும். லென்ஸ் அணியாத நாளிலும் அதே அளவு இருந்தால் காரணம் லென்ஸுக்கு வெளியே இருக்கிறது.

ஒரு கண்ணா, இரண்டு கண்களுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கண் மட்டும் கொட்டினால் அந்தப் பக்கத்து லென்ஸிலோ கருவிழியிலோ குறை இருக்கலாம். இரண்டும் ஒன்றாகக் கொட்டினால் வறட்சி, ஒவ்வாமை, லென்ஸ் திரவம் ஆகியவற்றின் பக்கம் எண்ணத்தைச் செலுத்தலாம். மருத்துவரிடம் செல்லும்போது இந்த விவரங்களைச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லென்ஸ் அணியத் தொடங்கிச் சில நாட்களே ஆகின்றன. இது தானாகச் சரியாகுமா?

மென்மையான லென்ஸாக இருந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களுக்குள் பழகிவிடும். முதல் நாளே காலை முதல் இரவு வரை அணியாமல், 4 மணி நேரத்தில் தொடங்கி நாளுக்குச் சிறிது நேரமாகக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வளையாத வகை லென்ஸ் அளவில் சிறியது, அதன் ஓரத்தை இமை ஒவ்வொரு முறையும் தொட்டுச் செல்லும். அதற்குப் பழக 2 முதல் 4 வாரங்கள் வரை ஆகலாம். பழகும் காலத்தில் நாளுக்கு நாள் தொல்லை குறைந்துகொண்டே வர வேண்டும். அப்படியே நின்றாலோ கூடினாலோ அது பழகாத குறை அன்று. லென்ஸின் வளைவோ அளவோ உங்கள் கண்ணுக்குப் பொருந்தவில்லை என்று கொண்டு, அதைத் தந்த இடத்துக்கே திரும்பிச் சென்று பொருத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாட்டிய உடனேயே கண் கொட்டத் தொடங்குகிறது. என்ன செய்வது?

லென்ஸைக் கழற்றுங்கள். இமைத்து இமைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். கழற்றியதும் விரல் நுனியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். சரியான பக்கம் இருந்தால் விளிம்பு கிண்ணம் போல் நேராக மேலெழும்பி நிற்கும். உட்புறம் வெளியே திரும்பியிருந்தால் விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்து சாயும். ஓரத்தில் கிழிசலோ வெட்டோ இருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அந்த லென்ஸை மறுபடி அணியக் கூடாது. ஒன்றும் தென்படவில்லை என்றால் லென்ஸ் திரவத்தில் தேய்த்து அலசி மீண்டும் ஒரு முறை மாட்டிப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் உறுத்தினால் அன்றைக்குக் கண்ணாடியோடு இருந்துவிடுவதே சரி.

கழற்றிய பிறகும் அதே உறுத்தல் தொடர்ந்தால் கருவிழியில் கீறல் ஏற்பட்டிருக்கலாம். அப்போது வேறொரு புதிய லென்ஸை மாட்டிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது.

நம் வீடுகளில் இதற்குக் காரணமாகும் இன்னொன்று, விரலில் தங்கும் காரமும் எண்ணெயும். மிளகாய் நறுக்கிய கையை எத்தனை முறை கழுவினாலும் காரம் முழுவதும் போவதில்லை. ஆகவே சமையல் வேலைக்கு முன்பே லென்ஸை மாட்டிவிடுவது நல்லது. மாலையில் கழற்றும்போது சோப்பிட்டுக் கையை நன்றாகக் கழுவி, நூல் உதிராத துணியில் துடைத்த பிறகே கண்ணைத் தொட வேண்டும்.

பிற்பகலானால் கண் காய்ந்து கொட்டுகிறது. கடலோரத்தில் இவ்வளவு புழுக்கமும் ஈரப்பதமும் இருக்கும்போது கண் எப்படிக் காயும்?

நியாயமான கேள்வி, இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். வெளியே காற்றில் ஈரம் இருப்பது உண்மை. ஆனால் லென்ஸ் அணிபவர்களில் பலர் பகல் முழுவதும் இருப்பது குளிரூட்டிய அலுவலகத்தில், கடையில், கல்லூரிக் கணினிக்கூடத்தில். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது. அதன் வீச்சு நேராக முகத்தில் படும்படி அமர்ந்தால் கண்ணீர் இன்னும் விரைவில் ஆவியாகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் போய் வருபவருக்கு, முகக்கண்ணாடி இல்லாத தலைக்கவசத்தோடு ஓட்டினால், எதிர்க்காற்று அதே வேலையைச் செய்கிறது. காற்றில் ஈரம் எவ்வளவு இருந்தாலும், வேகமாக வீசும் காற்று கண்ணீர்ப் படலத்தைக் குலைத்துவிடும்.

இரண்டாவது காரணம் திரை. கணினியையும் கைபேசியையும் பார்க்கும்போது இமைப்பு குறைகிறது என்று மேலே சொன்னோம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அப்போது இமைப்பவையும் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கின்றன என்பது. மேலிமை பாதி தூரம் இறங்கித் திரும்பிவிடுகிறது. கருவிழியின் கீழ்ப்பகுதியில் கண்ணீர் பூசப்படுவதே இல்லை. அந்த இடம் காய்ந்து எரியத் தொடங்கியதும் கண் படபடவென்று பல முறை கொட்டுகிறது, ஆனால் அந்தக் கொட்டல்களும் அரைகுறையானவையே. எண்ணிக்கை கூடியிருந்தும் கண் நனையாமல் போவது இதனால்தான்.

எனவே சிகிச்சையும் முழுமையாக இமைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வேலையை நிறுத்தி, இமைகளை மெதுவாக மூடி, இரண்டு எண்ணும் வரை அப்படியே வைத்து, பின் திறக்க வேண்டும். இவ்வாறு பத்து முறை செய்தால் போதும். மூடும்போது மேலிமை கீழிமையைத் தொட வேண்டும்; புருவம் சுருங்கும்படி இறுக்க வேண்டியதில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பதும் கண்ணுக்கு ஓய்வு தரும். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் இமை அவ்வளவு அகலத் திறந்திருக்காது, காய்வதும் குறையும்.

அடுத்தது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் ஆகியவை கொண்ட சொட்டுகள் வழக்கில் உள்ளன. லென்ஸ் அணிந்த நிலையில் விடுவதானால் பதப்படுத்தும் பொருள் சேராததாகவும், லென்ஸோடு பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டதாகவும் இருக்க வேண்டும். பென்சல்கோனியம் குளோரைடு என்னும் பதப்படுத்தும் பொருள் சேர்ந்த சொட்டை லென்ஸின் மேல் விட்டால் மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கருவிழிக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். அப்படிப்பட்ட மருந்தை லென்ஸைக் கழற்றிவிட்டு விட வேண்டும். மறுபடி மாட்டக் குறைந்தது 15 நிமிடம் பொறுக்க வேண்டும்.

இமையோரச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய்ப் பசை குறைந்தவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்ல பலன் தரும். லென்ஸைக் கழற்றிய பின், தோல் பொறுக்கும் சூட்டில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்து, பிறகு இமையோரத்தை மெதுவாக நீவித் துடைக்க வேண்டும். இவற்றோடு நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் ஒவ்வாமை மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவை கண்ணை உலர்த்தக்கூடியவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வறட்சி கூடுதலாகக் காணப்படும்.

இரண்டு ஆண்டுகளாக நன்றாகத்தான் அணிந்துவந்தேன். இப்போது மட்டும் ஏன்?

லென்ஸைக் கழற்றியதும் கண்ணைக் கசக்கத் தோன்றும் அளவுக்கு அரிப்பு, காலையில் நூல் போன்ற பீளை, இமைக்கும்போது லென்ஸ் மேலே இழுத்துக்கொண்டு போவது போன்ற உணர்வு ஆகியவையும் சேர்ந்திருந்தால், மேலிமையின் உட்புறத்தில் சிறு சிறு புடைப்புகள் தோன்றியிருக்கக்கூடும். லென்ஸின் மேல் படிந்த புரதத்தோடும் லென்ஸின் ஓரத்தோடும் இமை பல மாதங்கள் உரசிய பிறகு வரும் ஒவ்வாமை வகை அழற்சி இது. இமையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் கண்ணாடியின் முன் நின்று எவ்வளவு பார்த்தாலும் உங்களுக்குத் தென்படாது.

இதற்கு லென்ஸ் அணிவதைச் சில வாரங்கள் அடியோடு நிறுத்த வேண்டும். அந்தக் காலத்தில் ஓலோபடடின், கீட்டோடிஃபன், சோடியம் குரோமோகிளைகேட் போன்ற ஒவ்வாமைச் சொட்டுகளில் ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். உறுத்தல் குறைந்ததும் பலர் பழைய லென்ஸையே மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். அதே லென்ஸால் அதே அழற்சி திரும்ப வருகிறது. குணமான பிறகு, ஒவ்வொரு நாளும் புதிதாக எடுத்து மாலையில் எறிந்துவிடும் ஒருநாள் லென்ஸுக்கு மாறுவதே இதற்குச் சிறந்த வழி. செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் திரவமும் டப்பாவும் வாங்க வேண்டியதில்லை, வாரத்தில் சில நாள் மட்டும் அணிபவருக்குக் கணக்கு ஏறத்தாழச் சமமாகிவிடும்.

புடைப்பு இல்லை என்றால் பழக்கவழக்கங்களைப் பார்க்க வேண்டும். மாத லென்ஸ் என்பது திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். இடையில் பத்து நாள் அணியாமல் வைத்திருந்தாலும் அந்தக் கணக்கு நீளாது. டப்பாவில் நேற்று இருந்த திரவத்தின் மேல் புதிதாகச் சிறிது ஊற்றுவதும், தேய்க்காமல் ஊறவைத்தாலே போதும் என்று விட்டுவிடுவதும் படிவுகளையும் கிருமிகளையும் வளர்க்கும். பழைய திரவத்தை முழுவதும் கொட்டி, டப்பாவைப் புதிய திரவத்தால் அலசி, திறந்தபடி கவிழ்த்து உலரவிட வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையே மாற்றிவிட வேண்டும்.

லென்ஸ் திரவமே ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

போகும். திரவத்திலுள்ள கிருமிநாசினிப் பொருள் சிலருக்கு எரிச்சல் தருகிறது. திரவத்தின் நிறுவனத்தை மாற்றிய பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் இதையே முதலில் சந்தேகிக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு சுத்தம் செய்யும் முறை இவர்களுக்கு ஏற்றது; ஆனால் அதற்கென்று தரப்படும் டப்பாவில், குறிப்பிட்டபடி பொதுவாகக் குறைந்தது 6 மணி நேரம் ஊறி, அந்த மருந்து செயலிழந்த பிறகே லென்ஸைக் கண்ணில் வைக்க வேண்டும். அவசரத்தில் முன்கூட்டியே எடுத்து மாட்டினால் கருவிழி கடுமையாக எரிந்து புண்படும்.

பவர் சரியில்லாவிட்டாலும் கண் கொட்டுமா?

கொட்டும். பார்வை மங்கும்போது தெளிவாக்கிக்கொள்ள இமைப்பது இயல்பு. சிலிண்டர் பவருக்கான, அதாவது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாத குறைக்கான லென்ஸ் கண்ணில் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்க வேண்டும். அது சுழன்றுவிட்டால் பார்வை கலங்கி, இமைத்ததும் தெளிந்து, மறுபடி கலங்கும். குறைந்த சிலிண்டர் பவரைப் பொருட்படுத்தாமல் சாதாரண லென்ஸ் தந்திருந்தாலும், 40 வயதுக்கு மேல் அருகில் உள்ளதைப் பார்க்க உதவி தேவைப்படும்போதும் இதே நிலை வரும். இவர்களுக்குச் சொட்டு மருந்தால் பயனில்லை. பவரை மறுபடி அளந்து லென்ஸை மாற்றினால் இமைப்பு தானாகக் குறையும்.

கடலூர், புதுச்சேரிச் சூழலில் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் புழுதியோடு வீசும் காற்றும், கடற்கரை மணலும் லென்ஸுக்கு அடியில் துகளைக் கொண்டு சேர்க்கும். நம் கடலோரம் முழுக்கச் சவுக்குத் தோப்புகள் உள்ளன. சவுக்கு பூக்கும் பருவத்தில் அதன் மகரந்தம் ஒவ்வாமை உள்ளவர்களின் கண்களை அரிக்கச் செய்யும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் இடத்தில் எழும் புகையும், போகிப் புகையும், திருமண மண்டபத்து ஓமப் புகையும் அப்படியே. இத்தகைய இடங்களுக்குப் போகும் நாளில் கண்ணாடி அணிவதே நல்லது. மணப்பெண்கள் பலர் திருமணத்தன்றுதான் முதல் முறையாக லென்ஸ் அணிகிறார்கள். புகையும் வெளிச்சமும் அழுகையும் சேரும் அந்த நாளில் பழகாத லென்ஸ் பெருந்தொல்லையாகிவிடும். ஒரு மாதத்துக்கு முன்பே பொருத்தம் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். அழகுக்காக நிற லென்ஸ் வாங்குபவர்களும் அளவு பார்த்தே வாங்க வேண்டும். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணிவது கிருமியைக் கைமாற்றுவதாகும்.

கண் மை இடுபவர்கள் லென்ஸை மாட்டிய பிறகு மை இட வேண்டும், மை கலைப்பதற்கு முன் லென்ஸைக் கழற்ற வேண்டும். இமையின் உள்விளிம்பில் மை இட்டால் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபடும். எண்ணெய்க் குளியல் நாளில் லென்ஸ் வேண்டாம்.

கடலூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் ரசாயனங்களோடு வேலை செய்பவர்கள், லென்ஸ் அணியலாமா என்று ஆலையின் பாதுகாப்பு விதியைக் கேட்டறிந்து, அணிந்தாலும் அணியாவிட்டாலும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணில் ரசாயனம் தெறித்தால் லென்ஸைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீரால் கழுவத் தொடங்க வேண்டும். கழுவும்போதே லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட வேண்டும்.

லென்ஸோடு கடலில் குளிக்கலாமா?

கூடாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கடலாடப் போகிறவர்களும், நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களும் லென்ஸைக் கழற்றிவிட்டே நீரில் இறங்க வேண்டும். கடல் நீருக்கு மட்டுமின்றி வீட்டுக் குழாய் நீருக்கும், ஆழ்துளைக் கிணற்று நீருக்கும், வடிகட்டிய குடிநீருக்கும் இது பொருந்தும். அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் நீரில் வாழ்கிறது. அது கருவிழியில் நுழைந்தால் கடும் வலியும் மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையும் காத்திருக்கின்றன, பார்வையும் போகலாம். எனவே லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் கழுவவே கூடாது, எச்சில் படவும் கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்க்கலாமா?

செயற்கைக் கண்ணீர் தவிர வேறு எதையும் அப்படி வாங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிவந்த கண்ணுக்கு என்று கடையில் எடுத்துத் தரும் சொட்டுகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. விட்ட மறுநாளே சிவப்பும் உறுத்தலும் மறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் கருவிழியில் கிருமித் தொற்று இருந்தால் ஸ்டீராய்டு அதை உள்ளுக்குள் பரவவிடும். தொடர்ந்து பயன்படுத்தினால் கண் அழுத்தம் ஏறி நரம்பு பாதிக்கப்படலாம், கண்புரையும் வரலாம். இதே மருந்தை மருத்துவர் தேவை பார்த்து, நாள் வரையறுத்து, அழுத்தத்தை அளந்து தரும்போது அது பயனுள்ளது. சிவப்பை மட்டும் வெளுக்கச் செய்யும் சொட்டுகளோ, விடுவதை நிறுத்தியதும் முன்னைவிடக் கூடுதலாகச் சிவக்கச் செய்துவிடும். பன்னீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றை லென்ஸ் அணிபவர் கண்ணில் விடவே கூடாது. அவை கிருமியற்றவை அல்ல.

லென்ஸோடு தொடர்பே இல்லாமலும் இப்படிக் கண் கொட்டுமா?

ஆம், அதைத் தவறவிடக் கூடாது. இரண்டு கண்களும் தம்மை மீறி இறுக மூடிக்கொண்டு, சில நேரம் திறக்கவே முடியாமல் போகும் ஒரு நரம்பு சார்ந்த கோளாறு உண்டு. பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வரும் இதற்கு இமைத் தசையில் போட்டுலினம் ஊசி போட்டால் ஏறத்தாழ 3 மாதம் வரை நிவாரணம் கிடைக்கும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கண்ணில் தொடங்கிக் கன்னம், வாய் வரை இழுத்தால் அது வேறு கோளாறு. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழிமையில் லேசாகத் துடிப்பது மட்டும் இருந்தால் தூக்கக் குறைவு, களைப்பு, அதிகக் காபி ஆகியவையே பொதுவான காரணங்கள். அது சில நாளில் தானாக அடங்கும்.

என் பிள்ளை லென்ஸ் அணியத் தொடங்கியபின் கண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். கண்டிக்கலாமா?

வேண்டாம். முதலில் லென்ஸை நிறுத்திக் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமையாலும் பவர் குறையாலும் கண் கொட்டுவது சாதாரணம். கண்ணில் குறை ஒன்றும் இல்லையென்றால் அது பிள்ளைப் பருவத்தில் சிலருக்குத் தோன்றி மறையும் தன்னிச்சையற்ற அசைவாக இருக்கலாம். அதட்டினாலும் கேலி செய்தாலும் அது கூடும், கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் குறையும்.

எந்த நிலையில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

லென்ஸைக் கழற்றிய பிறகும் குறையாத வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், ஒரு கண் மட்டும் கடுமையாகச் சிவத்தல், கருவிழியின் மேல் வெள்ளைப் புள்ளி, சீழ் போன்ற பீளை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும். இவை கருவிழிப் புண்ணின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடும். 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கும், தூங்கும்போதும் அணிந்தவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கும் கருவிழிப் புண் ஏற்பட்டதாகக் காணப்பட்டது. அசதியில் பேருந்திலோ சோபாவிலோ லென்ஸோடு கண்ணயர்வதையும் தூக்கமாகவே கொள்ள வேண்டும். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருவிழியின் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால், வலி இல்லை என்று அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

போகும்போது லென்ஸை எறிந்துவிடாமல் டப்பாவோடும் திரவக் குப்பியோடும் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டறிய அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரும், கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது.

அவசரமில்லாத சோதனைக்குப் போனால் என்னென்ன பார்ப்பார்கள்?

வலி இல்லாவிட்டால் லென்ஸை அணிந்தபடியே போங்கள், கண்ணாடியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கீற்று நுண்ணோக்கியில் லென்ஸ் எவ்வளவு நகர்கிறது, நடுவில் நிற்கிறதா, படிவு உள்ளதா என்று பார்ப்பார்கள். பிறகு லென்ஸைக் கழற்றச் சொல்லி ஒரு மஞ்சள் சாயத்தை இட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது, கருவிழியில் காய்ந்த இடமும் கீறலும் பச்சையாகத் தெரியும். கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்பதையும் அதிலேயே கணக்கிடுவார்கள். அந்தச் சாயம் மென்மையான லென்ஸில் ஏறிவிடும், ஆகவே சோதனை முடிந்ததும் லென்ஸை மாட்டாமல் கண்ணாடியோடு வீடு திரும்ப வேண்டும். மேலிமையைப் புரட்டிப் பார்ப்பதில் வலி இல்லை. அதைச் செய்யாமல் விட்டால் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லலாம்.

கருவிழிக் கூம்பலுக்காக லென்ஸ் அணிகிறேன். என்னால் கண்ணாடிக்கு மாற முடியாது. எனக்கு என்ன வழி?

கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் இந்தக் கூம்பலுக்கு அணியும் வளையாத லென்ஸ், கூம்பிய நுனியை அழுத்தினாலோ ஓரம் தூக்கி நின்றாலோ கண் ஓயாமல் கொட்டும். வளைவை மாற்றி மறுபடி பொருத்தினால் பலருக்குச் சரியாகும். அப்படியும் பொறுக்க முடியாதவர்களுக்குக் கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியின் மேல் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் உண்டு. அதற்கும் கருவிழிக்கும் நடுவே திரவம் தேங்கி நிற்பதால் வறட்சியும் குறையும். கண்ணைக் கசக்குவது கூம்பலை வளர்க்கும் என்பதால், அரிப்பு இருந்தால் அதற்கு உடனே மருந்து பெற வேண்டும்.

நிறுத்திய லென்ஸை மறுபடி எப்போது அணியலாம்?

வெறும் வறட்சியாக இருந்து, கண் வெளுத்து, ஒரு நாள் முழுவதும் உறுத்தல் இல்லாமல் இருந்தால் புதிய லென்ஸோடு சில மணி நேரத்தில் தொடங்கலாம். கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தவர்கள் மருத்துவர் சாயமிட்டுப் பார்த்து அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். பழைய லென்ஸையும் டப்பாவையும் திறந்த திரவத்தையும் எறிந்துவிட வேண்டும். தொடங்கிய முதல் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் கண் கொட்டுகிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி கூடினால் லென்ஸின் வகையையோ அணியும் நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு நாளுக்கு 6 மணி நேரமே கண் தாங்கும் அளவாக இருக்கும். அவர்கள் வேலைக்கோ விழாவுக்கோ லென்ஸும் மற்ற நேரத்துக்குக் கண்ணாடியும் என்று பிரித்துக்கொள்ளலாம். எனவே லென்ஸ் அணிபவர் யாராக இருந்தாலும் இப்போதைய பவரில் ஒரு கண்ணாடியை வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும்.